இரைச்சல் என நீக்கப்பட்டது

ஆலங்குளத்தில் பொய் சொல்லப் பிள்ளையாரைத் துணைக்குக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனால் அதே பொய்யை இரண்டு வருஷம் விடாமல், விடியற்காலை ஐந்தேகாலுக்கு எழுந்து, குளித்து, கூடையில் பூவோடு சொன்னவள் இசக்கிப்ரியா ஒருத்திதான். கடைசியில் அவளைக் காட்டிக்கொடுத்ததும் பிள்ளையார் இல்லை. காப்பீட்டு நிறுவனம்.

ஒரு வியாழக்கிழமை காலை, தோசைக்கல்லில் மூன்றாவது தோசை வேகும்போது அவள் கைபேசியில் அந்தக் கடிதம் வந்தது. கணவனின் கண் சிகிச்சைக்கு ஒப்புதல் வந்துவிட்டது என்று நினைத்து, கரண்டியைப் பிடித்த கையாலேயே திறந்தாள்.

"நிறைவாழ்வு காப்பீட்டு நிறுவனம். திரு. சுடலைமணி (51) அவர்களின் கருவிழிப் படல மாற்றுச் சிகிச்சைக்கான கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது. காரணம்: அதே குடும்பக் காப்பீட்டில் உள்ள திருமதி இசக்கிப்ரியா (48) தமக்குள்ள மூச்சுத்தடை நோயையும் வலிப்பு நோயையும் ஆண்டுப் புதுப்பிப்பின்போது மறைத்துள்ளார். ஒருவர் மறைத்தாலும் குடும்பக் காப்பீடு முழுவதும் செல்லாததாகும்."

கீழே ஒரு பட்டியல். இரண்டு வருஷத்தில் நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. எல்லாம் காலை ஐந்தே முக்காலுக்கும் ஆறே காலுக்கும் நடுவில். ஒவ்வொரு முறையும் இருபது முப்பது விநாடி மூச்சை உள்ளே இழுக்கவில்லை. இடைவிடாத முணுமுணுப்பு. இதயம் நிமிஷத்துக்கு நூற்றெழுபது. பிறகு கீழே விழுதல். மார்பின் மேல் கடும் அழுத்தம்.

படிப்பவர்கள் பயப்பட வேண்டாம். அவளுக்கு நோயும் இல்லை, நொடியும் இல்லை. அவள் கபடி ஆடிக்கொண்டிருந்தாள்.

தோசை கருகியது.

ஒருகாலத்தில் இசக்கிப்ரியா மாவட்ட அளவில் ஆடியவள். கல்யாணம், பிள்ளைப்பேறு, ரேஷன் கார்டு என்று இருபத்தைந்து வருஷம் ஓடிப்போனது. மகள் வேலைக்கென்று பெங்களூரு போன பிறகு, உடம்பு கனக்கிறதே என்று காலையில் நடக்கப் போனாள். பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பழைய அரிசி மில் களத்தில் ஏழெட்டுப் பெண்கள் கோலப்பொடியால் கோடு போட்டுக் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் நாற்பதைத் தாண்டியவர்கள். இவள் மதிலோரம் நின்று பார்த்தாள். மூன்றாம் நாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நான்காம் நாள் மகளின் பழைய டிராக் பேண்ட் போட்டுக்கொண்டு போனாள்.

கணவனிடம் சொல்ல வாய் வரவில்லை. அந்த மாதம்தான் சுடலைமணிக்கு இரண்டு கண்ணிலும் கருவிழி மங்க ஆரம்பித்திருந்தது. மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிறவர். ஊரில் இவர் கை படாத மிக்ஸி கிடையாது. அப்படிப்பட்ட மனுஷன் திருப்புளியைத் தேடித் தடவிக்கொண்டிருக்கும்போது, 'நான் கபடி ஆடப் போறேன்' என்று எந்த முகத்தோடு சொல்வது? அதனால், "உங்க கண்ணுக்காக நாப்பத்தெட்டு நாள் பிள்ளையாரச் சுத்துதேன்னு வேண்டிக்கிட்டேன்" என்று சொல்லிவிட்டாள். நாற்பத்தெட்டு நாள் தொண்ணூற்றாறு ஆனது. தொண்ணூற்றாறு இரண்டு வருஷம் ஆனது. பிள்ளையாருக்குப் போகிற வழியில் ஒரு கும்பிடு. அதோடு சரி.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், நிழலிடம் மறைக்க முடியாது என்பது அவளுக்குத் தெரியாமல் போனது.

பதினோரு மணிக்கு ஏஜென்ட் சாமுவேல் அண்ணாச்சி பதறியடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு அறுபத்திரண்டு வயது. அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்குக் காப்பீடு எடுத்துக் கொடுத்தவர். மனுஷ ஏஜென்ட்டே வேண்டாம் என்று நிறுவனங்கள் சொல்லி வெகுநாள் ஆகிறது. ஆனால் ஆலங்குளத்துக்காரர்கள் முகம் தெரியாத ஒன்றிடம் கையெழுத்துப் போடமாட்டோம் என்று சொல்லிவிட்டதால் அவருக்கு இன்னும் வேலை இருந்தது.

"தங்கச்சி, இப்பிடி ஒரு வியாதிய வச்சிக்கிட்டு வாயத் தொறக்கலியேம்மா! தம்பி மணி, முதல்ல இவள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கண்ணு கெடக்கட்டும், மூச்சு முக்கியம்."

சுடலைமணி நாற்காலியில் சாய்ந்தபடியே இருந்தார். மடியில் பிரித்துப் போட்ட மிக்ஸி மோட்டார் ஒன்று. விரல்கள் அதைத் தடவிக்கொண்டிருந்தன.

"அவ நல்லாத்தான் இருக்கா அண்ணாச்சி," என்றார் அமைதியாக.

"எப்பிடிப்பா சொல்லுத? நெழலு சொல்லுதுல்லா?"

"அந்த நெழலுன்னா என்னன்னு எனக்கு வெளங்குற மாதிரி ஒருக்கச் சொல்லுங்க," என்றாள் இசக்கிப்ரியா. அவளுக்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

அண்ணாச்சி தன் சட்டைப் பொத்தானைக் கழற்றி, கழுத்தெலும்புக்குக் கீழே ஒட்டியிருந்த சின்னச் சில்லைக் காட்டினார். ஊரில் அதைப் பொட்டு என்பார்கள். காப்பீடு எடுத்த எல்லாருக்கும் உண்டு. பத்து நிமிஷத்துக்கு மேல் கழற்றி வைத்தால் கேள்வி வரும்.

"இது நம்ம மூச்சு, துடிப்பு, ஆட்டம், அசைவு எல்லாத்தையும் கம்பெனிக்கு அனுப்புது. அத வச்சி அவங்க கம்ப்யூட்டருக்குள்ள நம்ம ஒடம்ப மாதிரியே இன்னொரு ஒடம்பு செஞ்சி வச்சிருக்காங்க. அதான் நெழலு. நம்ம இருமினா அது இருமும். நாளைக்கி நமக்கு என்ன வரும்னு அதக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவாங்க. ஆனா நாம எங்க இருக்கோம், என்ன பேசுதோம்னு மட்டும் அதுக்குத் தெரியக் கூடாது. சட்டம் அப்பிடி."

"அப்ப நான் என்ன முணுமுணுத்தேன்னு அதுக்குத் தெரியாதா?"

"அதிர்வு தெரியும். வார்த்த தெரியாது. ஒரே சத்தத்த மூச்சு விடாமத் திரும்பத் திரும்பச் சொல்லுதீங்கன்னு தெரியும். அதத்தான் வலிப்போட அடையாளம்னு எழுதியிருக்கான்."

இசக்கிப்ரியா கணவனைப் பார்த்தாள். மதுரை ஆய்வகத்தில் அவருடைய செல்லிலிருந்தே வளர்த்தெடுத்த இரண்டு கருவிழிப் படலங்கள் குப்பியில் தயாராக இருந்தன. குப்பியில் அவற்றுக்கு ஆயுள் பதினாலு நாள். நாலு நாள் போய்விட்டது. மீண்டும் வளர்க்க ஒன்றரை வருஷம் ஆகும், அதற்குள் கண்ணின் உள்பக்கமும் கெட்டுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்னும் பத்து நாளில் ஒப்புதல் வராவிட்டால் இந்த மனுஷன் இனி மிக்ஸியைத் தடவித்தான் பார்க்க வேண்டும். அதுவும் அவள் சொன்ன பொய்யால்.

அவள் தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வியாதி இல்லங்க. நான் கோயிலுக்குப் போகல. அரிசி மில்லு களத்துல கபடி ஆடுதேன். ரெண்டு வருசமா."

மோட்டாரின் மேல் இருந்த விரல்கள் நின்றன. அண்ணாச்சி திறந்த வாயை மூடவில்லை.

"அப்ப பிள்ளையாரு?" என்றார் சுடலைமணி.

"போற வழியில ஒரு கும்பிடு."

"எத்தன சுத்து?"

"...சுத்தல."

அவள் அழுதுவிட்டாள். அண்ணாச்சி வாசலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. ரசத்துக்குச் சோறு பிசையும்போது மெதுவாகக் கேட்டார்.

"பாடுறதா, பிடிக்கிறதா?"

"என்னது?"

"கபடியில. நீ பாடிப் போறவளா, பிடிக்கிறவளா?"

"பாடுறவ," என்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"ம்ம். அப்பளம் இருக்கா?"

அப்பளம் இருந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அன்று சாயங்காலமே அண்ணாச்சி நிறுவனத்துக்கு உண்மையை எழுதினார். நோயல்ல, கபடி. பதில் நாற்பது விநாடியில் வந்தது. அவர்கள் இயந்திரத்துக்கு யோசிக்க அவ்வளவு நேரம் போதும். "நாற்பத்தெட்டு வயது இல்லத்தரசி கபடி ஆடுவார் என்பதை ஏற்க இயலாது. ஏற்றாலும், ஊதியத்துக்கு ஆடும் ஆபத்தான விளையாட்டை அறிவிக்காததால் காப்பீடு செல்லாது. கடந்த பொங்கல் போட்டியில் தங்கள் குழு பரிசு பெற்றது பொதுச் செய்தியிலிருந்து தெரிகிறது."

"நோயின்னாலும் கெடையாது, வெளையாட்டுன்னாலும் கெடையாதாம்!" அண்ணாச்சி தலையில் கை வைத்தார். "இனி திருநெல்வேலியில குறைதீர்ப்பாளர் ஆபீஸ்தான். இல்லன்னா கம்பெனிக்கிட்டயே கெஞ்சிப் பாப்போமா? சாட்சிக்காரன் கால்ல விழுறதவிடச் சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சொல்லுவாங்க."

"யாரு கால்லயும் விழவேண்டாம்," என்றார் சுடலைமணி. "பாலிசிய எடு. முதல் வரியிலருந்து படி."

"எம்பத்திநாலு பக்கம்!"

"மிக்ஸி ஓடலன்னா எல்லாரும் மோட்டாரத்தான் கழத்துவான். நான் பிளக்கு முதக்கொண்டு ஒவ்வொண்ணாத்தான் பாப்பேன். கோளாறு எங்க இருக்குன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டா அது கெடைக்காது. படி."

இரண்டு நாள் படித்தார்கள். அண்ணாச்சி படித்துத் தொண்டை கட்டினால் இசக்கிப்ரியா படித்தாள். முப்பது வருஷம் காப்பீடு விற்றவர் பதினேழாம் பக்கத்தில் நிமிர்ந்து, "இப்பிடியெல்லாமா நம்ம பாலிசியில இருக்கு?" என்று கேட்டது அந்த வீட்டில் வெகுநாள் சிரிப்பாக இருந்தது. சுடலைமணி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்பதாம் பக்கம் வந்தபோது ஒருமுறை கை காட்டினார். அறுபத்தொன்றாம் பக்கத்தில் மறுபடியும்.

"நில்லு. அதத் திரும்பப் படி."

"'நிழலின் சாட்சியத்தின் மேல் தகராறு எழுந்தால், காப்பீடு எடுத்தவருக்கு நிழலை நேரில் விசாரிக்கவும், நீக்கப்பட்ட பகுதிகள் உட்பட மூலப்பதிவைக் கேட்கவும் உரிமை உண்டு.'"

"நீக்கப்பட்ட பகுதின்னா?"

அண்ணாச்சி நிராகரிப்புக் கடிதத்தின் பட்டியலைப் புரட்டினார். ஒவ்வொரு நிகழ்வின் கடைசியிலும் பொடி எழுத்தில் ஒரே வரி இருந்தது. *தொடர்ந்து அசாதாரண ஒலி. இரைச்சல் என நீக்கப்பட்டது.*

"அந்தச் சத்தத்தப் போடச் சொல்லணும்," என்றார் சுடலைமணி. "மத்தது எது போனாலும் பரவால்ல. அத மட்டும் விட்டுராதீங்க."

குறைதீர்ப்பாளர் முன் விசாரணை ஒரு வெள்ளிக்கிழமை அமைந்தது. குப்பிக்கு இன்னும் இரண்டு நாள் மிச்சம். வாடகை வேனில் கபடிக் குழு முழுவதும் வந்து இறங்கியது. தலைமை ஜோஸ்பின். மீன் வியாபாரம் செய்கிறவள், அவள் பிடித்த கணுக்காலை விட்டதாகச் சரித்திரம் இல்லை.

"ஏட்டி பிரியா, ஏன் மூஞ்சி செத்துப் போயிருக்கு? நாம கேஸ் ஜெயிக்க வந்திருக்கோமா, கேதம் விசாரிக்க வந்திருக்கோமா?"

குறைதீர்ப்பாளர் ரஹ்மத்துன்னிஸா ஐம்பத்தைந்து வயதுக்காரர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற பழக்கம் உள்ளவர். நிறுவனத்தின் தரப்பில் நிவேதன் என்ற இளம் வக்கீல், இஸ்திரி மடிப்புக் கலையாத கோட்டோடு எழுந்தான்.

"அம்மா, இது தெளிவான வழக்கு. நோய் என்றால் மறைத்த நோய். விளையாட்டு என்றால் மறைத்த தொழில். இந்தக் குழு பொங்கலுக்குப் பரிசு வாங்கியிருக்கிறது."

"என்ன பரிசு?"

நிவேதன் தாளைப் பார்த்தான். குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி."

கூடத்தில் சிரிப்பு. ரஹ்மத்துன்னிஸா சிரிக்கவில்லை. இசக்கிப்ரியாவைப் பார்த்தார்.

"அந்த நாற்காலி இப்போ எங்கேம்மா இருக்கு?"

"கொல்லையில இருக்கும்மா. ஒரு காலு ஆடும். அதுல யாரும் உக்கார முடியாதுன்னு கோழிய அடைகாக்க வச்சிருக்கேன்."

சுடலைமணி எழுந்தார். "அம்மா, ஒம்பதாம் பக்கத்துல ஊதியம்னா என்னன்னு அவங்களே எழுதியிருக்காங்க. வாழ்க்கைச் செலவுக்கு உதவும் வருமானம்னு. அந்த நாற்காலியால எங்க கோழிக்குத்தான் ஒதவி."

ஒன்பதாம் பக்கத்தை ரஹ்மத்துன்னிஸா புரட்டிப் படித்தார். இரண்டு தரம் படித்தார். "சரி, தொழில் இல்லை. நாற்காலி முடிந்தது. இனி நோய்."

நிவேதன் விடவில்லை. "இது கபடி என்பதற்கே ஆதாரம் இல்லை அம்மா. ஆறு தோழிகளின் வாய்மொழி மட்டும்தான். நிழல் பொய் சொல்லாது."

"அப்போ நிழலையே கேட்போம். இவங்க அதுக்கு மனு கொடுத்திருக்காங்க. இந்தப் பிரிவை இதுவரை யாரும் கேட்டதில்லை, தெரியுமா?"

மேசையில் இருந்த திரை ஒளிர்ந்தது. ஒரு பெண்ணுருவின் சாம்பல் நிறக் கோட்டுப்படம். உள்ளே சிவப்பாய் ஒன்று துடித்தது. இசக்கிப்ரியா தன் கழுத்துக்குக் கீழே கை வைத்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே வேகத்தில் துடித்தன.

"இவருக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டார் ரஹ்மத்துன்னிஸா.

"பயம்," என்றது நிழல், உணர்ச்சியில்லாத குரலில். "மற்றபடி நலம்."

"காலையில் வருவது?"

"மூச்சுத்தடையும் வலிப்பும். பொருத்தம் தொண்ணூற்றொரு சதவீதம்."

ரஹ்மத்துன்னிஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, அதை இங்கே வரவழைக்க முடியுமா?"

இசக்கிப்ரியாவுக்கு முதலில் புரியவில்லை. ஜோஸ்பினுக்குப் புரிந்துவிட்டது. பையைத் திறந்து கோலப்பொடிப் பொட்டலத்தை எடுத்தாள்.

அலுவலக வளாகத்தில் வேப்பமரத்தடி மணல் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் கோடுகள் விழுந்தன. திரையைச் சன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். பியூன்கள், டைப்பிஸ்ட், வேறு வழக்குக்கு வந்தவர்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். இசக்கிப்ரியா செருப்பைக் கழற்றினாள். சேலைக்குள் டிராக் பேண்ட் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயால் சொல்லி நம்பாதவர்கள் முன்னே எதற்கும் இருக்கட்டும் என்று அவளுக்குத் தோன்றியிருந்தது.

"எதிர்ப்பக்கம் ஒரு ஆளு கொறையுது," என்றாள் ஜோஸ்பின். "வக்கீல் தம்பி, ஒரு ஓரமா நில்லுங்க. சும்மா நின்னாப் போதும்."

"நானா? கட்சிக்காரர் தரப்பு ஆட்சேபிக்கிறது!"

"நில்லுங்க நிவேதன்," என்றார் ரஹ்மத்துன்னிஸா. "பக்கத்திலிருந்து பார்த்தால் உங்களுக்கும் தெளிவு கிடைக்கும்."

கோட்டைக் கழற்றி மரக்கிளையில் மாட்டிவிட்டு அவன் நின்றான். இசக்கிப்ரியா நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்தாள். கணவன் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பக்கமே காதைத் திருப்பியிருந்தது அவள் கண்ணில் பட்டது. போனாள்.

"கபடிகபடிகபடிகபடி..."

சன்னலில் திரை சிவந்தது. மூச்சு இல்லை. நூற்று நாற்பது. நூற்றறுபது. *அவசரம். ஆம்புலன்ஸை அழைக்கவும்.* அவள் இடப்பக்கம் போக்குக் காட்டி வலப்பக்கம் பாய்ந்து நிவேதனின் தோளைத் தொட்டாள். திரும்பி ஓட ஒரு எட்டு வைப்பதற்குள் ஜோஸ்பின் கணுக்காலைப் பிடித்தாள். மற்றவர்கள் மேலே விழுந்தார்கள். ஆறு பெண்களின் எடை. அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து ஒரு கை மட்டும் நீண்டு நீண்டு நடுக்கோட்டைத் தேடியது. விரல் நுனி கோலப்பொடியில் பட்டது.

"மூச்சு விட்டுட்டாங்க!" என்று கத்தியது வேறு யாருமில்லை, நிவேதன்தான். "கோட்டத் தொடுறதுக்கு முன்னாடியே பாட்டு நின்னுருச்சு! நான் அவுட் இல்ல! பாடுறவங்கதான் அவுட்!"

நுணலும் தன் வாயால் கெடும்.

"இது கபடிதான்னு வக்கீல் ஒத்துக்கொள்கிறாரா?" என்று கேட்டார் ரஹ்மத்துன்னிஸா.

நிவேதன் சட்டையில் ஒட்டிய மணலைத் தட்டினான். "காலேஜ் டீம்ல ஆடியிருக்கேன் அம்மா," என்றான் தரையைப் பார்த்து.

அப்போது அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. இசக்கிப்ரியாவின் சிரிப்பு. அடக்க முடியாத, மூச்சு முட்டுகிற, குழந்தைகள் தண்ணீரில் விழுந்தால் சிரிக்கிற மாதிரிச் சிரிப்பு. மேலே கிடந்தவர்களுக்கும் அது தொற்றியது.

ரஹ்மத்துன்னிஸா சன்னலை நோக்கிக் கேட்டார். "இப்போ நடந்தது என்ன?"

"நாலாயிரத்து முந்நூற்றுப் பதின்மூன்றாவது நிகழ்வு," என்றது நிழல். "முந்தையவற்றோடு முழுப் பொருத்தம்."

"கடைசியில் வரும் சத்தம்?"

"அசாதாரண ஒலி. எந்த நோய்க்குறியோடும் பொருந்தாது. பொருந்தாதவற்றை இரைச்சல் என்று நீக்கும்படி விதி."

"எத்தனை நிகழ்வில் அது இருக்கிறது?"

"எல்லாவற்றிலும்."

"வலிப்பு வந்து விழுந்தவர் யாராவது எழும்போது இப்படிச் சத்தம் போட்டதாக உன் கணக்கில் உண்டா?"

நிழல் முதல் தடவையாகத் தாமதித்தது. "ஒருவர்கூட இல்லை."

"நீக்கினதை எல்லாம் சேர்த்துப் போடு."

ஒலிபெருக்கியிலிருந்து முதல் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷம் முந்தியது, கூச்சத்தோடு பாதியில் நின்றது. அடுத்தது கொஞ்சம் நீளம். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக. மழை நாள் சிரிப்பு, தோற்ற நாள் சிரிப்பு, நாற்காலி வாங்கிய நாள் சிரிப்பு. வார்த்தை ஒன்றும் இல்லை, சட்டம் அதைத் தடுத்திருந்தது. சிரிப்பைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை. கூடி நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். பியூன் சிரித்தார். நிவேதன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தான். சாமுவேல் அண்ணாச்சி சிரித்துச் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்றார்.

இசக்கிப்ரியா மணலில் உட்கார்ந்தபடியே கேட்டாள். தனக்குள் இவ்வளவு சந்தோஷம் இருந்தது அவளுக்கே தெரியாது. கணவனைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, ஆனாலும் பார்த்தாள். சுடலைமணி முகத்தில் ஆச்சரியமே இல்லை. தலையை லேசாக ஆட்டிக்கொண்டு, பழகிய பாட்டைக் கேட்கிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. நோய் இல்லை, மறைப்பும் இல்லை, சிகிச்சைக்கு உடனே ஒப்புதல். இனி எந்த நிழலிலும் நீக்கிய ஒலிகளைக் கேட்காமல் கோரிக்கையை நிராகரிக்கக் கூடாது. இந்தக் குடும்பத்து நிழல்கள் எல்லாவற்றையும் நிறுவனம் மறுபரிசீலனை செய்து அறிக்கை தரவேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டு ரஹ்மத்துன்னிஸா தாழ்ந்த குரலில் ஜோஸ்பினிடம், "நீங்க ஆடுறதில் வயசு வரம்பு எதுவும் உண்டா?" என்று கேட்டதை இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதுரையில் அறுவை முடிந்தது. பத்தாம் நாள் கட்டு அவிழ்த்தார்கள். சுடலைமணி முதலில் சுவரைப் பார்த்தார், பிறகு டாக்டரின் பேனாவைப் பார்த்தார், பிறகு மனைவியைப் பார்த்தார்.

"எளச்சிட்டியேட்டி," என்றார்.

"எளைக்கல. ஒடம்பு கெட்டிப்பட்டிருக்கு," என்றாள் அவள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து இரண்டுமே சரியாக வெளிவரவில்லை.

வீடு திரும்பிய மறுநாள் அவள் ஒரு முடிவோடு இருந்தாள். "நாளையிலருந்து நாப்பத்தெட்டு நாளு நெசமாவே பிள்ளையாரச் சுத்தப் போறேங்க. களத்துக்குப் போகல. சொன்ன சொல்லு பாக்கி நிக்குது. கண்ணும் வந்துட்டு."

"அதெல்லாம் ஒண்ணும் பாக்கி இல்ல," என்றார் அவர். மிக்ஸியின் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு திருகாணியும் தெரிகிற சந்தோஷத்தில் அவர் காலையிலிருந்து நிமிரவே இல்லை.

"பாக்கி இல்லாம? நான்தான் ஒரு சுத்துகூடச் சுத்தலியே."

அவர் திருப்புளியை எடுத்து ஒரு திருகாணியைத் திருகினார். அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் கடிதம் வந்தது. நிறைவாழ்வு நிறுவனம்தான். அவள் நெஞ்சு படபடக்கத் திறந்தாள். உடம்பில் ஒட்டியிருந்த பொட்டும் எங்கேயோ இருந்த நிழலும் சேர்ந்து படபடத்திருக்கும்.

"என்னவாம்?"

அவள் சத்தமாகப் படித்தாள்.

"குறைதீர்ப்பாளர் உத்தரவுப்படி, திரு. சுடலைமணி அவர்களின் நிழலை, நீக்கப்பட்ட ஒலிகளையும் சேர்த்து மறுபரிசீலனை செய்தோம். கடந்த இரண்டு ஆண்டுகளாக, தினமும் காலை ஐந்தரை மணிக்கு அவர் எழுந்து மெதுவாக நடக்கிறார். பிறகு ஒரு சிறிய வட்டத்தில் பதினொரு முறை சுற்றுகிறார். பிறகு சிறிது தூரம் நடந்து, அரை மணி நேரம் அசையாமல் ஓரிடத்தில் நிற்கிறார். அந்த நேரத்தில் இதயத் துடிப்பு மிகவும் சீராக உள்ளது. இடையிடையே..."

அவள் குரல் நின்றது.

"படி," என்றார் அவர், மிக்ஸியை விட்டுத் தலை நிமிராமல்.

"'இடையிடையே அசாதாரண ஒலி. இரைச்சல் என முன்பு நீக்கப்பட்டது. அது சிரிப்பு என இப்போது தெரிகிறது. இந்த நிகழ்வுகள் திருமதி இசக்கிப்ரியா அவர்களின் நிகழ்வுகளோடு நேரத்தில் பொருந்துகின்றன. காரணம் தெரிவிக்கவும்.'"

கொல்லையில் ஆடும் நாற்காலியிலிருந்து கோழி இறங்கிக் கொக்கரித்தது. அவள் அவருக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பலருந்து?"

"நீ வேண்டிக்கிட்டேன்னு சொன்ன ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ. எனக்காக நீ மட்டும் நடக்கியேன்னு சொவத்தப் பிடிச்சிக்கிட்டே கோயிலுக்கு வந்தேன். நீ இல்ல. மில்லு களத்துலருந்து உன் சத்தம் கேட்டுச்சு. 'கபடிகபடி'ன்னு. அப்பறம் தொம்முன்னு விழுந்த. ஓடிவரப் பாத்தேன். அதுக்குள்ள சிரிச்சிட்ட." அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "கல்யாணமானதுலருந்து நீ அப்பிடிச் சிரிச்சி நான் கேட்டதில்ல. கண்ணு போற கவலையில இருந்த எனக்கு, காலையில அதக் கேட்டாத்தான் அன்னைய நாளு ஓடுச்சு. உன் வேண்டுதல் பொய்யாப் போயிரக் கூடாதுன்னு உனக்குப் பதிலா நானே சுத்திட்டு, மதிலுக்கு இந்தப் பக்கம் நிப்பேன். நீ வாரதுக்குள்ள வந்து படுத்துக்கிடுவேன்."

"ஒரு நாளு சொல்லியிருக்கலாம்ல? அன்னைக்கி நான் அழுதப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நான் நிக்கேன்னு தெரிஞ்சா நீ கால அடக்கி ஆடுவ."

அவள் வெகுநேரம் அவரையே பார்த்தாள். அவரும் பார்த்தார், இப்போது அவரால் பார்க்க முடிந்தது. பிறகு அவள் கைபேசியை எடுத்து, 'காரணம்' என்று போட்டிருந்த கட்டத்தில் ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

*என் வீட்டுக்காரர் கபடி கேட்கப் போனார். நாளையிலிருந்து பார்க்கப் போகிறார்.*

அனுப்பிவிட்டு, விடிந்ததும் தேவைப்படும் என்று கோலப்பொடி டப்பாவை எடுத்து வாசல் பக்கம் வைத்தாள்.